நன்னம்பிக்கை முனையின் இரு விளக்குகள்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1488இல் பார்த்தலோமியோ டயஸ் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தார் என்று ஒரே வரியில் பாடத்தைக் கடந்துவிடுகிறோம். அந்த இடம் எப்படி இருக்கும் என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வோம்?

தென்னாப்பிரிக்காவின் கேப் தீபகற்பம் தெற்கே கடலுக்குள் நீண்டு, செங்குத்துப் பாறைகளாக முடிகிறது. பாறை விளிம்புகளில் நீர்க்காகங்கள் கூடு கட்டுகின்றன. ஓயாத காற்றில் மரங்கள் உயர்வதில்லை. 'ஃபைன்போஸ்' எனப்படும் குத்துச்செடிகளே நிலத்தை மூடியிருக்கின்றன. அவற்றுள் பலவற்றின் விதைகள் தீ பரவிய பிறகே முளைக்கும். கரையோரம் நெருப்புக்கோழிகள் மேயும். கடல் உள்வாங்கும் வேளையில் பபூன் குரங்குகள் பாறையில் ஒட்டிய சிப்பிகளைப் பெயர்த்துத் தின்னும்.

அங்கே மனிதர் கற்ற பாடமும் ஒன்று உண்டு. 1860இல், 200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கலங்கரை விளக்கம் அமைத்தார்கள். மேகமும் மூடுபனியும் அதை அடிக்கடி மறைத்தன. 1911இல் லூசிடானியா என்ற போர்த்துக்கீசியக் கப்பல் அருகிலிருந்த பாறையில் மோதி உடைந்தது. அதன்பின் புதிய விளக்கைக் கடல்மட்டத்திலிருந்து 87 மீட்டரிலேயே கட்டினார்கள்.

இந்தப் பாடத்தை நடத்தும்போது கரும்பலகையில் ஒரு பாறையையும் இரு விளக்குகளையும் வரையுங்கள். எந்த விளக்கு மாலுமிக்கு உதவும் என்று மாணவர்களையே கேளுங்கள். கடைசி வரிசை மாணவருக்கு நம் பாடம் எட்டவில்லையென்றால், விளக்கை எந்த உயரத்தில் வைத்திருக்கிறோம் என்று நாமும் பார்ப்போம்.