சாரிபாத்துப் பானையும் எசுவாத்தினிப் பாட்டிமாரும்

(பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை)



இந்த ஞாயிறு வழிபாடு நமக்கு இரண்டு கைம்பெண்களைக் காட்டுகிறது. முதல் வாசகத்தில் வருபவர் சாரிபாத்து ஊர்ப் பெண். பஞ்ச காலம். ஊர் வாயிலில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கிறார். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டு மகனோடு தின்றுவிட்டுச் சாவோம் என்று இருந்தவரிடம் வந்து இறைவாக்கினர் எலியா அப்பம் கேட்கிறார். நற்செய்தியில் வருபவர் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண். இருவரையும் நாம் மறைக்கல்வி வகுப்பிலிருந்தே அறிவோம். இன்று அவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஒரு சிறு நாட்டுக்குப் போய் வருவோம்.

எசுவாத்தினி என்பது அதன் பெயர். 2018 வரை சுவாசிலாந்து என்று அழைத்தோம். தென்னாப்பிரிக்காவுக்கும் மொசாம்பிக்குக்கும் நடுவே இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 12 இலட்சம். கத்தோலிக்கருக்கு மன்சீனி என்ற ஒரே மறைமாவட்டம். எச்.ஐ.வி. தொற்று உலகிலேயே அதிக விகிதத்தில் இருக்கும் நாடு இது. வயது வந்தோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்தக் கிருமி உண்டு. மருந்து பரவலாகக் கிடைக்காத காலத்தில் அங்கே செத்தவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வயதினர், இளம் பெற்றோர். குழந்தைகளும் கிழவிகளும் எஞ்சினார்கள்.

இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்யலாம்? பெரிய அனாதை இல்லங்கள் கட்டலாம். கட்டடம் கண்ணுக்குத் தெரியும், திறப்புவிழா நடத்தலாம், கல்வெட்டில் பெயர் போடலாம். அந்த மக்கள் பெரும்பாலும் அந்த வழியில் போகவில்லை. பிள்ளை தன் வீட்டிலேயே, தன் உறவுக்குள்ளேயே, தன் தாய் தந்தையின் நிலத்திலேயே வளரட்டும் என்று முடிவு செய்தார்கள். ஊருக்குள் ஒரு மரத்தடியோ, ஆலயத்தின் ஓரமோ, ஒரு குடிசையோ பார்த்து அடுப்பு மூட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முறைவைத்து வந்து மக்காச்சோள மாவில் களி கிண்டி, பயறோ அவரையோ வேகவைத்து, பள்ளி செல்லும் வயது வராத பிள்ளைகளுக்குப் பரிமாறினார்கள். சாப்பாட்டோடு பாட்டும் எண்ணும் எழுத்தும் சேர்ந்துகொண்டன. யூனிசெப், உலக உணவுத் திட்டம் போன்றவை பின்னர் கைகொடுத்தன. இப்படிப்பட்ட பராமரிப்பு இடங்கள் நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேல் உண்டாயின.

இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. ஊர்த் தலைவரின் நிலத்தில் ஊரார் சேர்ந்து உழுது விதைப்பார்கள். அந்த விளைச்சலிலிருந்து ஆதரவற்றோருக்குக் கொடுப்பார்கள். 'பெரிய வீடு' என்று பொருள்படும் 'இந்த்லுன்குலு' என்பது அந்த வழக்கத்தின் பெயர். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அதை மறுபடியும் உயிர்ப்பித்தார்கள். இரக்கம் வெளியிலிருந்து இறக்குமதியாகவேண்டிய சரக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வயிறு நிறைந்தால் மட்டும் குழந்தை பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? 2007இல் அந்த நாட்டில் 13 முதல் 24 வயது வரையான பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மூன்றில் ஒருவர், 18 வயது ஆகுமுன் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார். தாய் இல்லாத பிள்ளை இதை யாரிடம் போய்ச் சொல்லும்? 'லிஹ்லோம்பே லெகுகலேலா' என்று அந்த மொழியில் ஒரு சொல் உண்டு. சாய்ந்து அழ ஒரு தோள் என்று பொருள். பிள்ளைகளின் துயரத்தைக் கேட்கவும், காவல்துறைக்கும் மருத்துவமனைக்கும் கூட்டிக்கொண்டு போகவும் பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களுக்கு இதுதான் பெயர். பல வேளைகளில் குற்றவாளி அந்த வீட்டுக்காரனாகவோ உறவினனாகவோ இருப்பான். அவனுடைய பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

1976 முதல் இன்னொரு கூட்டமும் அங்கே உழைக்கிறது. ஊராரே தேர்ந்தெடுக்கும் கிராம நலப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வீடு வீடாக நடக்கிறார்கள். தடுப்பூசி போட்டாயிற்றா, காசநோய் மாத்திரை தவறாமல் உள்ளே போகிறதா, கர்ப்பிணி மருத்துவமனைக்குப் போனாளா என்று கேட்கிறார்கள். வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்குவது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் பார்ப்பார்கள். கிருமி உள்ளவர்களில் 95 விழுக்காட்டினருக்கு அது தெரிந்திருக்கவேண்டும், அவர்களில் 95 விழுக்காட்டினர் மருந்து உண்ணவேண்டும், உண்பவர்களில் 95 விழுக்காட்டினரின் உடலில் கிருமி அடங்கியிருக்கவேண்டும் என்று உலகம் 2030க்கு வைத்த இலக்கை எசுவாத்தினி 2020இலேயே எட்டியது. மருத்துவர்களும் மருந்தும் இல்லாமல் இது நடந்திருக்காது. கால்நடையாய்ப் போன இந்தப் பெண்கள் இல்லாமலும் நடந்திருக்காது.

இங்கேதான் நற்செய்தி நம்மைக் கொஞ்சம் உறுத்துகிறது. காலணாக் கைம்பெண்ணைப் புகழ்ந்து எத்தனையோ மறையுரைகள் கேட்டுவிட்டோம். ஆனால் அதற்கு முந்திய வரிகளில் இயேசு யாரைக் கண்டிக்கிறார்? நீண்ட அங்கி அணிந்து, நீண்ட நேரம் செபித்துக்கொண்டே கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களை. இரண்டையும் சேர்த்து வாசித்தால், அவளிடம் ஏன் இரண்டே காசு மிஞ்சியது என்ற கேள்வியும் எழாமல் போகாது.

களி கிண்டும் அந்தப் பெண்களில் பலருக்குச் சம்பளம் கிடையாது. வீடு வீடாக நடப்பவருக்குக் கிடைப்பது சிறிய ஊக்கத்தொகை. அவர்களும் ஏழைகள். அவர்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் உண்டு. பாட்டியின் முதியோர் உதவித்தொகை பேரனின் சீருடையாகிறது. 2016 பிப்ரவரியில் வறட்சிக்காக அந்த அரசு நெருக்கடிநிலை அறிவித்தது. வறட்சி வந்தால் முதலில் காய்வது இந்தப் பெண்களின் வயல்கள்தான்; அப்போதும் ஊர்ப் பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்பார்கள். சாரிபாத்துப் பெண்ணின் பானையில் மழை வரும்வரை மாவு குறையாதபடி ஆண்டவர் பார்த்துக்கொண்டார். நாமோ, கொடுப்பவளைத் தியாகி என்று புகழ்ந்துவிட்டு அவள் பானையை எட்டிப் பார்க்காமலே வந்துவிடுகிறோம். புகழ்ச்சிக்குச் செலவில்லை அல்லவா?

அங்கே போய்த் தொண்டு செய்ய விரும்பும் இளைஞர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்; நம்மிடையேயும் சிலர் இருப்பார்கள். நல்ல ஆசைதான். ஆனால் இரண்டு வாரம் போய், குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சி, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைத் தொண்டு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே தாயை இழந்த பிள்ளை, ஒட்டிக்கொண்ட ஒவ்வொருவரையும் மறுபடி மறுபடி இழக்கிறது. செவிலியரோ கணக்காளரோ தச்சரோ போகட்டும். ஓராண்டு, ஈராண்டு இருக்கட்டும். அந்த ஊர்ச் செவிலியருக்குக் கீழே, அந்த ஊர்ப் பெண்கள் கேட்ட வேலையைச் செய்யட்டும். போக முடியாதவர்கள் பணம் அனுப்பினால், அது கட்டடத்துக்கு மட்டும் போகாமல் அடுப்பு மூட்டுகிறவரின் கையிலும் சேரும்படி கேட்டு அனுப்பலாம்.

இந்த வாரம் அன்பியக் கூட்டங்களில் ஒன்றைப் பேசுங்கள். நம் பங்கில் நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள், பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறவர்கள், அன்னதானத்துக்குச் சமைக்கிறவர்கள் யார் யார்? அவர்கள் வீட்டு நிலை நமக்குத் தெரியுமா? பேருந்துக்காவது கையில் காசு இருக்கிறதா என்று அவர்களிடம் நாம் கடைசியாகக் கேட்டது எப்போது?