எண்ணெயில் மலரும் ரோஸ் குக்கீஸ்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் சென்னையின் ராயபுரம், மணலி பக்கத்து வீடுகளில் பரணிலிருந்து இரும்பு அச்சு இறங்கும். ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. அதையொட்டி வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் அந்த அச்சில் பொரித்த பண்டிகைப் பலகாரம் ரோஸ் குக்கீஸ், அதாவது நம் அச்சு முறுக்கு. ஓவனே வேண்டாம்.

அரிசி மாவு, மைதா, முட்டை, சர்க்கரை, தேங்காய்ப்பால் சேர்த்துக் கரைக்க வேண்டும். அச்சை முதலில் எண்ணெயிலேயே காய வைக்க வேண்டும்; ஆறிய அச்சில் மாவு ஒழுங்காகப் பிடிக்காது. முக்கால் உயரம்தான் தோய்க்கலாம். விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் முறுக்கு கழலவே கழலாது! கைப்பக்குவம் என்பது இதுதான்.

சுவீடன், நார்வேயிலும் இதுபோன்ற அச்சில் கிறிஸ்துமஸ் பலகாரம் பொரிக்கிறார்கள்.

ஆங்கிலோ-இந்திய வீடுகளில் ரோஸ் குக்கீஸுடன் கல்கல் என்ற பலகாரமும் உண்டு. முள்கரண்டியின் முதுகில் மாவை அழுத்திச் சுருட்டும் வேலை பிள்ளைகளுக்கு.