எந்தத் திட்டத்தை எடுப்பது?

(சங்க மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் திறந்த மூல மென்பொருள் பணிக்கு விண்ணப்பிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்குத் திட்டங்களின் பட்டியல் ஒன்று தர வேண்டும் என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். தருகிறேன். ஆனால் அது நீண்ட பட்டியல் அல்ல என்பதை முன்பே சொல்லி விடுகிறேன்.

பின் வரிசையில் பெற்றோர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒரு மென்பொருளின் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமை வழங்கியிருந்தால் அது திறந்த மூலம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை ஓர் இயக்கமாகவே அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது அந்த மாணவன் தொடங்கி வைத்ததுதான்.

புதியவர்களை இந்த வேலைக்குப் பழக்குவதற்கென்றே சில ஏற்பாடுகள் உண்டு. 2005இல் கூகுள் தொடங்கிய சம்மர் ஆஃப் கோட் அவற்றில் பெரியது. ஒரு மென்பொருள் அமைப்பைத் தேர்ந்து, அதன் வழிகாட்டி ஒருவரின் கீழ் வேலை செய்ய வேண்டும். 90 மணி, 175 மணி, 350 மணி என்று வேலையின் அளவு மாறும். 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களும் சேரலாம். அவுட்ரீச்சி என்பது ஒதுக்கப்பட்டோருக்கும் வாய்ப்புக் குறைந்தோருக்குமான ஏற்பாடு.

கூலியைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். மூன்று மாதம் சும்மா உழைக்கும் வசதி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லை. கூகுள் ஏற்பாட்டில் நாட்டுக்கு நாடு உதவித்தொகை மாறும். அமெரிக்க மாணவனும் நம் மாணவியும் ஒரே அளவு வேலையைச் செய்தாலும் தொகை ஒன்றல்ல. அங்கே விலைவாசி வேறு, இங்கே வேறு என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அவுட்ரீச்சியோ எந்த நாட்டவருக்கும் 7,000 டாலர் என்று ஒரே தொகை தருகிறது. எது நேர்மை என்று நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள். நான் முடிவு செய்து விட்டேன்.

இனித் திட்டத்துக்கு வருவோம். நம் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் போகின்றன. அவற்றில் பலவற்றுக்கு நல்ல பெயர் இல்லை. 2020 அக்டோபரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஏற்பாட்டில் நான்கு திருத்தங்களை அனுப்பினால் ஒரு சட்டை பரிசு. நம் ஊர்க் காணொளி ஒன்று குறுக்கு வழியைக் காட்ட, 'அருமையான திட்டம்' என்பது போல ஒரு சொல்லை விளக்கக் குறிப்பில் செருகி, அதையே திருத்தம் என்று அனுப்பித் தள்ளினார்கள். சம்பளமில்லாமல் அந்த மென்பொருள்களைப் பேணி வந்தவர்கள் குப்பை அள்ளவே நாட்களைச் செலவிட்டார்கள். முடிவில் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்று அதே வேலையை, எந்திரத்தை விட்டு விண்ணப்பம் எழுதச் சொல்லிச் செய்கிறார்கள். நாற்பது பக்கம் பளபளவென்று வருகிறது. வழிகாட்டி ஒரு கேள்வி கேட்டால் பதில் இல்லை.

ஆகவே, உங்களுக்கே வலிக்கின்ற குறை ஒன்றை எடுங்கள். அதைப் பற்றி எவரும் உங்களை மடக்க முடியாது. தமிழ் பேசும் வீட்டில் பிறந்த உங்களுக்கு அத்தகைய குறைகளுக்குப் பஞ்சமில்லை.

முதலாவது, பழைய எழுத்து. 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா, ணை, லை என்று 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் அச்சான நூல்களில், நம் நூலகத்து இரும்பு பீரோவைத் திறந்தாலே தெரியும், 'லை'க்குத் தும்பிக்கை முளைத்திருக்கும். அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் எழுத்தாக்கித் தரும் டெசராக்ட் என்ற மென்பொருள் 2005இல் திறந்த மூலமாயிற்று. தமிழும் அதற்குத் தெரியும். ஆனால் தும்பிக்கையைக் கண்டால் தடுமாறுகிறது. சுயமரியாதை ஏடுகளும் தொழிற்சங்கத் துண்டறிக்கைகளும் அந்தப் பழைய எழுத்தில்தானே கிடக்கின்றன! அவற்றை எழுத்தாக்காவிட்டால் தேடவும் முடியாது, கண் தெரியாதவருக்குக் கணினி படித்துக் காட்டவும் முடியாது.

இதில் மாணவனுக்கு என்ன வேலை? விக்கிமூலத்தில் நூல் பக்கத்தின் படமும், தொண்டர்கள் மெய்ப்புப் பார்த்த எழுத்தும் அருகருகே இருக்கின்றன. அவற்றிலிருந்து 1978க்கு முந்திய பக்கங்களை எடுத்து, வரி வரியாக வெட்டி, படத்தையும் எழுத்தையும் இணை சேர்த்து, டெசராக்டுக்குப் பயிற்சி தர வேண்டும். முன்பு நூறு எழுத்துக்கு எத்தனை பிழை, பின்பு எத்தனை என்று கணக்குக் காட்ட வேண்டும். 350 மணி நேரத்துக்கு இது நிறைந்த வேலை.

இரண்டாவது சிறியது, ஆனால் கூர்மையானது. 'கோமதி' என்று எழுதுகிறீர்கள். யூனிகோடில் அந்தக் 'கோ'வின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேற்றுமை இல்லை. இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்று யூனிகோட் விதி கூறுகிறது; அதற்கான வழியையும் வகுத்துத் தந்திருக்கிறது. அந்த வழியைக் கையாளாத மென்பொருளில் தேடினால் கோமதி இல்லை என்று வரும். 'எ' என்பதற்குப் பதில் அதே போலிருக்கும் தமிழ் எண் ஏழைத் தட்டி விடுவோரும் உண்டு. பிழைக்க வந்த ஊரில், பட்டியலில் பெயர் இல்லை என்ற சொல்லின் பொருள் நமக்குத் தெரியும். பெயர் இருக்கிறது, எந்திரத்துக்குத்தான் தெரியவில்லை! நீங்கள் பயன்படுத்தும் ஏதேனும் ஒரு திறந்த மூல நூலகச் செயலியையோ அகராதியையோ எடுத்துச் சோதித்துப் பாருங்கள். இந்தக் குறை இருந்தால், 90 மணி வேலை கையில் கிடைத்து விட்டது.

மூன்றாவது, எழுத்துப் பிழை திருத்தி. லிபர் ஆபிஸிலும் பயர்பாக்ஸிலும் இருக்கும் ஹன்ஸ்பெல், ஹங்கேரிய மொழிக்காக உருவானது. நம்மைப் போலவே விகுதி மேல் விகுதி அடுக்கும் மொழி அது. அவர்கள் தங்கள் மொழிக்காகச் செய்து கொண்டது உலகுக்கே பயன்பட்டது. 'வீட்டிலிருந்தவர்களுக்கெல்லாம்' என்பதைச் சிவப்புக் கோடிடாமல் விட அதற்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். முழுத் தமிழிலக்கணத்தையும் மூன்று மாதத்தில் புகுத்துவேன் என்று எழுதி விடாதீர்கள், வழிகாட்டி சிரிப்பார். வேற்றுமை உருபுகளை மட்டும் எடுங்கள். அதுவே போதிய தலைவலி.

இவை எந்த அமைப்பின் பட்டியலிலும் அப்படியே கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். கூகுள் ஏற்பாட்டில் பல அமைப்புகள் மாணவரின் சொந்த யோசனையையும் ஏற்கின்றன. அவுட்ரீச்சியில் அவர்கள் அறிவித்த திட்டத்தில்தான் சேர வேண்டும். எதுவானாலும், விண்ணப்பம் எழுதும் முன் அந்த மென்பொருளைக் கணினியில் ஓட விட்டு, ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்பி, வழிகாட்டுவோரிடம் 'இது உங்களுக்குத் தேவையா?' என்று கேளுங்கள். தேவையில்லை என்றால் மனம் தளராமல் அடுத்த கதவைத் தட்டுங்கள்.

ஒன்று பாக்கி. இங்கே நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் படிக்க வராது. இங்கிலீஷிலும் இந்தியிலும் படித்தவர்கள். பழைய எழுத்தைக் கண்ணை மூடிக் கொண்டு படிக்கும் பெரியவர்களுக்குக் கணினி வராது. இரு சாராரும் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். மெய்ப்புப் பார்க்க முன்வரும் பெரியவர்கள் வெளியே மேசையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள். மாணவர்கள் எந்தத் திட்டம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பீரோவைத் திறந்து முதல் நூறு பக்கத்தைப் படம் பிடிப்போம்.