கப்பல் உடைந்தது, உறவு கரை சேர்ந்தது!



நாடுகளுக்குள்ளே நட்பை வளர்ப்பது கப்பலின் கம்பீரமா, மக்களின் மனிதநேயமா? இதுதான் கேள்வி. எதிரணித் தலைவர் வந்தார். "அமெரிக்கா 1907-லே 16 போர்க்கப்பலுக்கு வெள்ளையடிச்சு உலகம் சுத்த அனுப்பிச்சதே, ஜப்பானே வரவேற்றதே" என்று முழங்கிவிட்டுப் போனார். உண்மைதான் ஐயா! 1908 அக்டோபரில் யோகோஹாமாவில் பிள்ளைகள் கொடியாட்டினார்கள். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் என்ன ஆச்சு? கொடியாட்டின நாடே குண்டு போட்டதே! (கைதட்டல்)

நான் இன்னொரு கப்பலைச் சொல்கிறேன். பேரு எர்துக்ருல். துருக்கி சுல்தானின் போர்க்கப்பல். ஜப்பான் இளவரசர் ஒருவர் இஸ்தான்புல் வந்து போயிருந்தார். வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்யணுமே! மெய்ஜி பேரரசருக்குப் பதக்கத்தோடு 1889 ஜூலையில் புறப்பட்டது. பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர் என்று துறைமுகம் துறைமுகமாக நின்று, ஜப்பான் போய்ச் சேர 11 மாசம்! பழைய மரக்கப்பல் ஐயா. பெண் பார்க்கப் போக இரவல் கார் வாங்கிட்டுப் போவோம்; அது பெண் வீட்டு வாசல்ல நின்னுபோகும். ஆறு பேர் இறங்கித் தள்ளணும். அந்தக் கதைதான்! (சிரிப்பு)

திரும்பும்போது, "புயல் காலம், பொறுத்துப் போங்க" என்றார்கள் ஜப்பானியர்கள். கேட்கவில்லை. 1890 செப்டம்பர் 16 இரவு, ஓஷிமா தீவருகே பாறையில் மோதி உடைந்தது. தளபதி உஸ்மான் பாஷாவோடு 500 பேருக்கு மேல் மாண்டார்கள். பிழைத்தவர்கள் 69 பேர். ஒரு ஊர்வலப் பெருமைக்காக எத்தனை தாய்மார் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள், பாருங்கள்!

அடிபட்டவர்கள் கலங்கரை விளக்கத்து வெளிச்சத்தைப் பார்த்து மலையேறி வந்தார்கள். அந்தத் தீவு மக்கள் ஏழைகள். துருக்கி எங்கே இருக்குன்னு அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? ஆனாலும் வீட்டில் வளர்த்த கோழியை அடித்துப் போட்டார்கள். குளிரில் விறைத்தவர்களைத் தங்கள் உடம்புச் சூட்டினால் காப்பாற்றினார்கள்.

உடனே எதிரணி கேட்கும்: "பிழைத்தவர்களை ஊர் சேர்த்ததும் இரண்டு ஜப்பான் போர்க்கப்பல்தானே?" ஆமாம்! 1891 ஜனவரியில் இஸ்தான்புல் கொண்டுவந்தன. அந்தக் கப்பல்களில் வந்தது பகட்டு இல்லை ஐயா, பெற்ற பிள்ளைகள்! (பலத்த கைதட்டல்)

இத்தனைக்கும் வியாபார ஒப்பந்தம் கையெழுத்தாச்சா? இல்லை. முறையான தூதரக உறவே 1924-லேதான் வந்தது. ஆனால் 1985 மார்ச். ஈரான், ஈராக் போர். "வானத்தில் பறக்கிற விமானத்தையெல்லாம் சுடுவோம்" என்று ஈராக் கெடு வைத்துவிட்டது. டெஹ்ரானில் ஜப்பானியர்கள் தவிக்கிறார்கள். துருக்கி விமானங்கள் வந்து 215 பேரை ஏற்றிக்கொண்டு போயின. அங்கிருந்த துருக்கிக்காரர்கள் பலர் தரைவழியே ஊர் திரும்பினார்கள்!

கோழி அடித்துப் போட்ட கடன், 95 வருஷம் கழித்து விமானமாக வந்தது ஐயா! பீரங்கி மரியாதையின் சத்தம் அன்றைக்கே அடங்கிவிடும். பசிக்குப் போட்ட சோறு தலைமுறை தாண்டியும் பேசும். ஆகவே, மனிதநேயமே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.