முகம் பார்த்து வருகைப்பதிவு: எந்தச் செயலி, யாருக்காக?

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள் வருகையை முகம் பார்த்துப் பதியும் செயலி ஒன்று வாங்கலாம் என்று சென்ற கூட்டத்தில் பேச்சு வந்தது. நாலைந்து பெயர்களைச் சொன்னார்கள். "பேங்க்ல இருந்தவர், கணக்குப் பார்த்து ஒப்பிட்டுச் சொல்லட்டும்" என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டீர்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். படித்து, கவுண்ட்டரில் உட்கார்ந்து காலம் கழித்தவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியிலேயே இதைப் புரிந்துகொண்டேன், அப்படியே சொல்கிறேன்.

கணக்கு தொடங்கும்போது மாதிரிக் கையெழுத்து வாங்கி அட்டையில் வைத்துக்கொள்வோம். பிறகு காசோலை வந்தால் அந்த அட்டையை எடுத்து ஒப்பிடுவோம். முகச் செயலி செய்வதும் இதையேதான். முதல் நாள் முகத்தைப் படமெடுத்து, அதன் அமைப்பை எண்களாக மாற்றி வைத்துக்கொள்கிறது. மறுநாள் வரும் முகத்தையும் எண்களாக்கி, இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நெருக்கம் இருந்தால் 'வந்தார்' என்று பதிகிறது. இல்லையென்றால் 'தெரியவில்லை' என்கிறது. அந்த அளவைக் கூட்டிவைத்தால் வேறு ஆள் நுழைவது குறையும், ஆனால் உண்மையான ஆளையே சில நாள் மறுக்கும். குறைத்துவைத்தால் மறுப்பு குறையும், அடுத்த ஆள் நுழைந்துவிடலாம். இரண்டையும் ஒரேயடியாக ஒழிக்கும் செயலி எதுவும் கிடையாது. விற்க வருபவர் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

நம்மில் ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு இது புதிதும் அல்ல. ஜீவன் பிரமாண் வாழ்நாள் சான்றை முகம் காட்டிக் கொடுக்கும் வசதி 2021 நவம்பரில் வந்தது. செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டச் சொல்வது, எதிரே இருப்பது ஆளா, புகைப்படமா என்று தெரிந்துகொள்ளத்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்ததால் மூன்று முறை மறுத்தது. பால்கனிக்கு வந்ததும் உடனே எடுத்துக்கொண்டது. எனக்கு நேரம் இருந்தது, மூன்று முறை முயன்றேன். காலை ஐந்தரைக்குத் துடைப்பத்தோடு வந்து நிற்கும் அம்மாவுக்கு அந்த நேரம் இருக்குமா?

கைரேகைக் கருவியே போதுமே என்று சிலர் கேட்டீர்கள். ரேஷன் கடையில் பார்த்திருப்பீர்கள், வயதானவர்களுக்கும் கையால் உழைப்பவர்களுக்கும் ரேகை விழாமல் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்வார்கள். அதற்காகவே கருவிழிக் கருவியும் கொண்டுவந்தார்கள். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் புழங்கும் கை நம் பணியாளர்களுடையது. தறியில் பாதி ஆயுள் ஓட்டிவிட்டு இங்கே காவலுக்கு வந்தவரும் உண்டு. எனவே கைரேகையைவிட முகம் மேல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இனி ஒப்பீடு. சந்தையில் இருப்பதை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதல் வகை, சுவரில் மாட்டும் கருவி. இ.எஸ்.எஸ்.எல்., இஸட்.கே.டெக்கோ போன்ற பெயர்களை அலுவலகங்களிலும் மில்களிலும் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை விலை கொடுத்து வாங்குவது. அகச்சிவப்பு விளக்கோடு வரும் கருவிகள் இருட்டிலும் முகத்தைப் பிடிக்கும். விவரம் கருவிக்குள்ளேயே இருக்கும்படி வைத்துக்கொள்ளவும் பலவற்றில் முடியும். குறை என்னவென்றால் மின்சாரம் போனால் பேட்டரி வேண்டும், கெட்டால் பழுதுபார்க்க ஆள் சேலத்திலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ வர வேண்டும்.

இரண்டாவது, வாசலில் பொதுவாக ஒரு செல்போனையோ டேப்லெட்டையோ வைத்து அதில் செயலியை ஓட்டுவது. ஜிப்பிள் என்ற செயலியின் அடிப்படைத் திட்டம் இலவசம், முகம் பார்க்கும் வசதியும் அதிலேயே உண்டு. ட்ரூயின் ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் நிறுவனங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. கிரெட்.எச்.ஆர்., நம் தமிழ்நாட்டு ஜோஹோவின் ஜோஹோ பீப்பிள் எல்லாம் விடுப்பு, சம்பளம் என்று முழு அலுவலக நிர்வாகத்துக்கானவை. தலைக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம். ஏழு பேர் வேலை செய்யும் இடத்துக்கு அது, சந்துக் கடைக்கு லாரி வாங்கி நிறுத்துவது போல.

மூன்றாவது, ஒவ்வொரு பணியாளரும் தன் செல்போனிலேயே செல்ஃபி எடுத்துப் பதிவது. ஜி.பி.எஸ். வைத்து ஆள் இங்கேதான் இருக்கிறாரா என்று பார்க்கும். இதை நமக்கு நான் பரிந்துரைக்கவில்லை. நம் துப்புரவுப் பணியாளர் மூவரில் இருவரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. ஸ்மார்ட்போன் வாங்கு, டேட்டா போடு, ஜி.பி.எஸ்.ஸைத் திறந்துவை என்று நாம் கொடுக்கும் சம்பளத்துக்கு எந்த முகத்தோடு சொல்வது? மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு தேசிய மருத்துவ ஆணையம் 2025 மே 1 முதல் இப்படித்தான், செல்போனில் ஆதார் முகப்பதிவும் ஜி.பி.எஸ்.ஸும் என்று கொண்டுவந்தது. பேராசிரியர்களின் நிலைமை வேறு, நம் பணியாளர்களின் நிலைமை வேறு.

இவற்றோடு மைகேட் போன்ற வாயில் செயலிகளும் பெரிய நகரக் குடியிருப்புகளில் உண்டு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதில்தான் சிக்கலே.

செயலி வாங்கிவிட்டால் ஏமாற்று நின்றுவிடுமா? இதற்கு நம் சுற்றுப்பக்கத்து ஊராட்சிகள் எல்லாம் அறிந்த உதாரணம் இருக்கிறது. நூறு நாள் வேலையில் என்.எம்.எம்.எஸ். என்ற செயலியை 2021 மேயில் கொண்டுவந்து, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். அப்போது அது முகத்தை ஒப்பிடும் செயலி அல்ல. இடமும் நேரமும் பதிந்த புகைப்படம், காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. சிக்னல் கிடைக்காமல் படம் ஏறவில்லை என்றால் அன்று மண் வெட்டியவருக்குக் கூலி சிக்கல். இது ஒருபக்கம். மறுபக்கம், 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படத்தை ஏற்றுகிறார்கள், ஏற்கனவே எடுத்த படத்தையே திரும்பப் படமெடுக்கிறார்கள், படத்தில் இருக்கும் தலைக்கும் பதிவேட்டு எண்ணிக்கைக்கும் பொருந்தவில்லை என்று ஏழு விதமான முறைகேடுகளை அதில் அடுக்கியிருந்தார்கள். பிறகு என்ன தீர்வு? ஊராட்சி மட்டத்தில் ஆட்களே எல்லாப் படங்களையும் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு. ஏமாற்ற நினைத்தவர் தப்பித்தார், நேர்மையாக வேலை செய்தவர் சிக்னலைத் தேடி அலைந்தார், கடைசியில் சரிபார்க்க மனிதரே வர வேண்டியிருந்தது.

நம் வாசலுக்கு வருவோம். நமக்கு உண்மையில் என்ன பிரச்சினை? பொருளாளரோடு உட்கார்ந்து ஆறு மாத பில்களைப் பார்த்தேன். துப்புரவுப் பணியாளர்கள் மூவரும் பம்ப் ஆபரேட்டரும் நம் நேரடி ஆட்கள். அவர்கள் வரவில்லை என்றால் அன்று காலையே நமக்குத் தெரிந்துவிடும், குப்பை கிடக்கும், தண்ணீர் ஏறாது. அவர்கள் கணக்கில் ஒரு குறையும் இல்லை. குறை, காவலர்களை அனுப்பும் ஏஜென்சியின் பில்லில். மூன்று ஷிப்ட், முப்பது நாள் என்று 90 ஷிப்டுக்கும் பணம் கேட்கிறார்கள். ஆனால் மாதத்தில் சில இரவுகளில், பகல் ஆளே தொடர்ந்து இரவும் இருந்ததைப் பல வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். மாற்று ஆள் வந்ததாக எழுதியிருக்கிறது, அந்த மாற்று ஆளை யாரும் பார்த்ததில்லை. இரண்டு ஷிப்ட் பார்த்த மனிதருக்கு அந்தக் கூடுதல் பணம் போனதா என்றால், "ஒண்ணும் வரலீங்க சார்" என்கிறார்.

ஆக, வருகைப்பதிவு செய்ய வேண்டியது ஏஜென்சிக்கு. நாம் என்னவோ குப்பை அள்ளும் அம்மாவின் முகத்தைப் படமெடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஏழு பேர், நாளுக்கு இரண்டு பதிவு, முப்பது நாள் என்றால் மாதம் 420 பதிவு. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் செயலி தவறாக மறுக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் நான்கு முறை, வேலைக்கு வந்த ஒருவரை வரவில்லை என்று சொல்லும். பதிவு இல்லை, அரை நாள் பிடித்தம் என்று செயலியைச் சம்பளத்தோடு நேராக இணைத்துவிட்டால் அந்த நான்கு அரை நாளும் யார் தலையில் விழும்? நமக்கு அது பேப்பர் பில் அளவு. அவர்களுக்கு ஒரு வார மளிகை. அந்த மறுப்பு எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டும் வராது. இருட்டில் வருபவர், தலையில் துண்டு கட்டியவர் என்று ஒரே ஆளுக்கே திரும்பத் திரும்ப வரும்.

அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2019ல் 189 முகமறி நிரல்களைச் சோதித்துப் பார்த்தது. பலவற்றில், ஒருவர் முகத்தை இன்னொருவர் முகமாக எடுத்துக்கொள்ளும் பிழை ஆசிய, ஆப்பிரிக்க முகங்களுக்கு வெள்ளையர் முகங்களைவிட அதிகம் என்று கண்டார்கள். எல்லா நிரலும் அப்படி இல்லை, நல்லவையும் இருந்தன. எனவே விற்பனையாளர் தன் ஏ.சி. அறையில் தன் முகத்தைக் காட்டி 'பாருங்க சார், ஒரே செகண்ட்' என்பது நமக்குச் சான்று ஆகாது. நம் கேட்டில், காலை ஐந்தரைக்கு, நம் ஆட்களை வைத்துப் பார்க்க வேண்டும். பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்தால் தெரியுமா என்று ஒருவர் கேட்டார். கண், மூக்கு, வாய் அமைப்பைத்தான் முக்கியமாக எடுக்கிறது, அதனால் பொதுவாக மொட்டை தடையில்லை. மாஸ்க்கும் ஹெல்மெட்டும்தான் தொந்தரவு.

இப்போது அந்த வாயில் செயலி விஷயம். வீடுகளுக்குச் சமையலுக்கும் பாத்திரம் துலக்கவும் வரும் பெண்களையும் இதே செயலியில் சேர்த்துவிடலாம், யார் எந்த வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று தெரிந்துவிடும் என்று ஒரு யோசனை இருக்கிறது. இதை நான் எதிர்க்கிறேன். அவர்கள் சங்கத்தின் ஊழியர்கள் அல்ல. உங்கள் வீட்டில் வேலை செய்கிறார், உங்களிடம் சம்பளம் வாங்குகிறார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். வேலைக்கு வைத்திருப்பவர் வேலை சம்பந்தமான தேவைக்கு ஊழியரின் விவரத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. ஊழியரே அல்லாதவரிடம் சங்கம் முகத்தை வாங்க வேண்டும் என்றால், எதற்கு என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பை அவர் கேட்டால் தமிழிலும் கொடுக்க வேண்டும். கொடுத்த ஒப்புதலை அவர் திரும்பப் பெறவும் முடியும். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதத்தில், அதாவது 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வரும். இப்போது வாங்கும் செயலி அப்போதும் நம் வாசலில்தான் இருக்கும்.

இங்கிலாந்தில் நடந்ததையும் சொல்கிறேன். செர்கோ லெஷர் என்ற நிறுவனம் 38 உடற்பயிற்சி, பொழுதுபோக்கு மையங்களில் 2,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் முகத்தையும் கைரேகையையும் வருகைப்பதிவுக்கு எடுத்தது. 2024 பிப்ரவரியில் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் அதை நிறுத்தச் சொன்னது. அடையாள அட்டை போன்ற எளிய வழி இருக்கும்போது இது தேவையில்லை, வேண்டாம் என்று சொல்ல ஊழியருக்கு வழியும் தரவில்லை என்பதே காரணம். ஏ.டி.எம். பின் நம்பர் திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது. நம் பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப்பில் போடவே யோசிக்கிறோம் அல்லவா.

சரி, என்ன செய்யலாம் என்கிறீர்கள். என் யோசனை இது. காவலர்களுக்கு மட்டும், இரண்டாவது வகையில், சங்கமே வாங்கி கேட்டில் வைக்கும் ஒரு போனில், இலவசத் திட்டம் உள்ள செயலியை இரண்டு மாதம் ஓட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் வருபவர் முகம் காட்டட்டும். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை ஏஜென்சி பில்லோடு பொருத்திப் பார்த்துப் பணம் கொடுப்போம். மாற்று ஆள் வந்தால் அவர் முகமும் பதிய வேண்டும், இல்லையென்றால் அந்த ஷிப்டுக்குப் பணம் இல்லை என்று ஏஜென்சி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வோம். ஒரே ஆள் இரண்டு ஷிப்ட் இருந்தது தெரிந்தால் அந்த மிகைநேரப் பணம் அவர் கைக்குப் போனதற்கு ரசீது கேட்போம். வேலையை விட்டுப் போனவரின் முகப்பதிவை ஒரு வாரத்துக்குள் அழித்து, அழித்த தேதியைப் பொருளாளர் குறித்துவைக்க வேண்டும்.

பழைய வருகைப் பதிவேடு கேட்டிலேயே இருக்கட்டும். கவுண்ட்டரில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்றால் காசோலையை உடனே திருப்பி அனுப்பிவிட மாட்டோம். அதிகாரி தலையைத் தூக்கி எதிரே நிற்பவரைப் பார்ப்பார். கை நடுங்கும் பெரியவர் என்றால் இன்னொரு முறை போடச் சொல்வார், அல்லது சாட்சியோடு ரேகை வாங்குவார். அதுபோல, செயலி மறுத்தால் காவலர் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், அன்றைய பொறுப்பு உறுப்பினர் பக்கத்தில் சுருக்கொப்பம் இடட்டும். அதுவே இறுதி. செயலி மறுத்தது என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் சம்பளம் பிடிக்கக் கூடாது என்பதைத் தீர்மானத்திலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொறுப்பு உறுப்பினராக முதல் மாதம் நான் இருக்கிறேன். இரண்டாவது மாதத்துக்கு ஒருவர் பெயர் கொடுங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பவராக இருந்தால் நல்லது.