தண்ணி தப்பிச்சது, மண்ணு தப்புமா?

(விவசாயிகள் சங்க ஆர்ப்பாட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு உண்மையை முதல்ல ஒத்துக்கிடுவோம். கூடங்குளம் அணு உலைக்கு 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டார்கள். பேச்சிப்பாறை அணைத் தண்ணியை உலைக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். வயல் காஞ்சிரும்னு விவசாயிகள் எதிர்த்தோம். பிறகு அதைக் கைவிட்டு, கடல் தண்ணியை உப்பு நீக்கி எடுக்கிறதுன்னு ஆச்சு. அணைத் தண்ணி தப்பிச்சதுன்னு நாம மம்பட்டியைத் தூக்கிட்டு வயலுக்குப் போயிட்டோம். மிச்சப் போராட்டம் மீனவர் தலையில விழுந்தது.

2011 மார்ச் 11-ல் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து, புகுஷிமாவில் கரண்ட் இல்லாம, குளிர்விக்க வழியில்லாம 3 உலைகளில் எரிபொருள் உருகியது. உலகமே பயந்தது. அந்த ஜூனில் இத்தாலி மக்கள் வாக்கெடுப்பில் 94 சதவீதம் பேர் அணு உலைக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். ஜெர்மனி 2023 ஏப்ரலில் கடைசி உலையையும் மூடிவிட்டது.

இங்கே? இடிந்தகரையில் பட்டினிப் போராட்டம் நடந்தது. மக்கள் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்தச் சொல்லி 2011 செப்டம்பரில் தமிழக அமைச்சரவையே தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18-ல் சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மறுநாளே அதே அமைச்சரவை உலையைத் திறக்கச் சொன்னது! ஓட்டுப்பெட்டி மூடுற வரைக்கும்தான் அச்சம் போல.

ஆனா அவங்களை மட்டும் குத்தம் சொல்லி என்ன? அந்த வருஷம் கரண்ட் கட்டுல மோட்டார் ஓடாம பயிர் வாடினப்போ, "உலையைத் திறந்தா கரண்ட் வரும்ல"ன்னு டீக்கடையில பேசினது நாமதானே?

புகுஷிமா விவசாயிக்கு நடந்ததைக் கேளுங்க. கறந்த பாலைக் கீழே கொட்டினான். கீரையை விற்கத் தடை. வெளியே கிடந்த வைக்கோலைத் தின்ன மாட்டோட இறைச்சியிலும் கதிர்வீச்சு. அப்புறம் வயல் வயலா மேல்மண்ணைச் சுமார் 5 சென்டிமீட்டர் சுரண்டி, கறுப்பு மூட்டைகளில் கட்டி அடுக்கினார்கள். மேல்மண்ணுன்னா என்னன்னு உங்களுக்கு நாங்க சொல்லணுமா? தாத்தா காலத்திலிருந்து எருவும் வண்டலும் அடிச்ச மண்ணு! 2012 முதல் அங்கே விளைஞ்ச அரிசியை மூட்டை மூட்டையாச் சோதிச்சார்கள். சோதனையில் தேறின அரிசிக்கும் பழைய விலை கிடைக்கலை. ஊர்ப்பேரைக் கேட்டாலே வாங்குறவன் தயங்கினான்.

கூடங்குளத்தில் 2 உலைகள் ஓடத் தொடங்கி, மேலும் 4 கட்டத் தொடங்கியாச்சு. எரிஞ்ச எரிபொருளை அங்கேயே சேமிச்சு வைக்க 2019-ல் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிச்சு, எதிர்ப்பு வந்ததும் தள்ளி வச்சாங்க. எதிர்த்தாத்தான் தள்ளி வைப்பாங்க!

நாம கேட்பது இதுதான். அந்தக் கழிவு கடைசியா எங்கே போகும்? நம்ம பாலும் நெல்லும் விலைபோகாம நின்னா யார் தருவா, எவ்வளவு தருவா? வாய்வார்த்தை வேண்டாம், எழுத்தில் கொடுங்க.

அடுத்த கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் இதைத் தீர்மானமாக வைப்போம். நோட்டில் எழுதின பிறகே கையெழுத்துப் போடுங்க, வெத்துப் பக்கத்தில் போடாதீங்க. வர்றப்போ பக்கத்து மீனவ ஊர்க்காரங்களுக்கும் சொல்லி அனுப்புங்க. இந்தத் தடவை நாம போய்க் கூப்பிடுவோம்.