ஆளில்லாக் கடை
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாணவர்களிடம் நேர்மையை வளர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஜப்பானில் நான் பார்த்த ஒரு கடையைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் கடையில் கடைக்காரர் இல்லை.

கியோட்டோ நகரின் வடக்கே, மலைகளுக்கு நடுவே ஓஹாரா என்றொரு ஊர். சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் அங்கே நடந்து போய்க்கொண்டிருந்தோம். வயலோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு மர அலமாரி. தக்காளி போலத் தோன்றும் பெர்சிமன் பழங்கள் நான்கு நான்காகப் பையில் இருந்தன. பக்கத்தில் முள்ளங்கி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அட்டையில் கையால் '100 யென்' என்று எழுதியிருந்தது. உண்டியல் போலத் துளையிட்ட ஒரு டப்பா. சுற்றிலும் பார்த்தோம், ஆளே இல்லை. நாணயத்தைப் போட்டுவிட்டு ஒரு பையை எடுத்துக்கொண்டோம். நல்ல இனிப்பு.

இதை 'முஜின் ஹன்பாய்' என்கிறார்கள். ஆளில்லா விற்பனை என்று பொருள். அளவும் வடிவமும் சரியில்லை என்று சந்தைக்குப் போகாத காய்களையும், மிஞ்சிய விளைச்சலையும் விவசாயிகள் இப்படி விற்கிறார்கள். விற்பவருக்குக் கூலி இல்லாததால் விலையும் குறைவு.

ஜப்பானியர்கள் பிறவியிலேயே நேர்மையானவர்கள் என்று சொல்லி இதைக் கடந்துவிட வேண்டாம். அங்கும் திருட்டு உண்டு. கேமரா வைத்த கடைகளும், காசு போட்டால்தான் திறக்கும் பெட்டிகளும் உண்டு. என்னைக் கவர்ந்தது அந்தக் கடையின் அமைப்பு. எந்தப் பையை எடுத்தாலும் ஒரே விலை. அதற்கு ஒரே நாணயம். எடை போட வேண்டாம், சில்லறை கேட்க வேண்டாம். நேர்மையாக நடப்பதை அந்த விவசாயி எளிதாக்கி வைத்திருக்கிறார்.

நம் பள்ளிகள் பலவற்றில் நூலகப் புத்தகங்கள் பீரோவுக்குள் இருக்கின்றன. காரணம் நமக்குத் தெரியும். ஒரு புத்தகம் குறைந்தாலும் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது? அந்த அச்சம் நியாயமானது. ஆனால் எடுக்க வாய்ப்பு இருந்தால்தானே திருப்பி வைக்கும் பழக்கம் வரும்?

ஊர் திரும்பியதும் என் ஏழாம் வகுப்பில், ஜன்னலோரம் கயிறு கட்டி 30 புத்தகங்களைத் தொங்கவிட்டேன். கீழே ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா. எழுத வேண்டியது பெயரும் புத்தக எண்ணும் மட்டும். பருவ முடிவில் 27 இருந்தன. ஒன்று பிறகு வந்தது, நனைந்த அட்டையை யாரோ சோற்றால் ஒட்டியிருந்தார்கள். இரண்டு வரவே இல்லை. எங்கள் தலைமை ஆசிரியர் அதைப் பதிவேட்டில் குறித்துக் கையொப்பமிட்டார். அவர் அப்படிச் செய்யாவிட்டால் இந்த முயற்சி அன்றோடு நின்றிருக்கும்.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு புத்தகங்கள் தொலையக்கூடும் என்று ஏற்றுக்கொண்டு, பீரோவில் ஒரு தட்டையாவது பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். அந்த இழப்பை வகுப்பாசிரியர் தலையில் கட்டாதீர்கள்.